குலோத்துங்கன் சூடிய மகுடமும் சக்கரவர்த்தி என்னும் பெயரும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் சங்கம் அச்சிடக் கருதியுள்ள குடும்பப் பதிவேட்டின் முகப்பில், நம் குலத்தார் இன்ன அரச மரபினின்றும் தோன்றினர் என்று காட்டும் வமிசாவளி ஒன்று அமைதல் வேண்டுமெனவும், அதனை யாமே எழுதித் தரவேண்டுமெனவும் சென்ற கூட்டத்தில் நிர்வாக சபையார் பணித்தனர். அன்பர் ஒருவர், "சோழருள் ஒருவரையேனும் காட்டிவிடுங்கள், அது போதும்" என்றும் கூறினார். அவர் கூறியது குலத்தின்பால் உள்ள அன்பினாலேயாம். அதனை யாம் குறைவாகக் கருதவில்லை. ஆயினும், எழுதுகோலை எடுக்குமுன், அரசர்களே தம் வமிசாவளியை எப்பொழுது எழுதுவித்தார்கள், யார் கண்ணுக்குக் காட்ட எழுதுவித்தார்கள் என்பதைச் சிறிது ஆராய்தல் நலமெனத் தோன்றிற்று. பட்டயங்களையும் கல்வெட்டுக்களையும் புரட்டத் தொடங்கிய யாம், ஓர் அரசனிடத்திலேயே நின்றுவிட்டோம். அவன் முதற் குலோத்துங்க சோழன். இன்று யாம் பேசப் புகுவது அவனைப் பற்றியே.

குலோத்துங்கன் தந்தை வழியிற் சோழன் அல்லன். அவன் தந்தை, கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சளுக்கிய வேந்தனாகிய இராஜராஜ நரேந்திரன். தாய் அம்மங்கைதேவியோ, கங்கைகொண்ட சோழன் எனப்பட்ட முதல் இராஜேந்திரனுடைய திருமகள். தந்தையைப் பெற்ற பாட்டியாகிய குந்தவை, தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதல் இராஜராஜனுடைய மகள். அவன் மணந்த மதுராந்தகியும் சோழ வேந்தனாகிய இரண்டாம் இராஜேந்திரனுடைய மகளே. பாட்டி, தாய், மனைவி ஆகிய மூவரும் சோழ மாதராயிருக்க, அவன் ஒருவன் மட்டும் சளுக்கியன். குலம் தந்தை வழிப்பட்டதென்பதன்றோ அக்காலத்தும் வழக்கு? மகள் வயிற்றுப் பேரன் பாட்டனார் நிலத்துக்கு உரிமை கொண்டாடி வந்து நின்றால், நம் ஊர்களில் திண்ணைக்குத் திண்ணை என்ன பேச்சு எழுமோ, அத்தகைய பேச்சு 1070-ஆம் ஆண்டிற் காவிரிக் கரையிலும் எழுந்திருத்தல் கூடும்.

அவ்வாண்டில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். சோழ வேந்தன் வீரராஜேந்திரன் காலமானான். அவன் மகன் அதிராஜேந்திரன் அரியணை ஏறினான். சில மாதங்களுக்குள் அவனும் மாண்டான். உடனே வேங்கி இளவரசன் கங்கைகொண்ட சோழபுரத்திற் சோழர் மகுடத்தைச் சூடினான். அதிராஜேந்திரன் ஒரு கலகத்தில் உயிர் நீத்தான் என்று அவன் மைத்துனனாகிய மேலைச் சளுக்கிய வேந்தனின் அவைப்புலவர் பில்ஹணர் எழுதியுள்ளார். அக்கலகத்திற் குலோத்துங்கனுக்குப் பங்குண்டென்பாரும் உளர், இல்லையென்பாரும் உளர். அவ்வழக்கை இங்கே தீர்க்க யாம் முற்படவில்லை. மகுடம் சூடிய பின் அவன் உலகுக்குக் கூறிய விடை யாது என்பதே யாம் நோக்குவது.

அவ்விடை அவன் மெய்க்கீர்த்தியில் உள்ளது. மெய்க்கீர்த்தியாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைக் கூறும் பகுதி. ஆண்டுக்கு ஆண்டு வெற்றிகள் கூடக்கூட அதுவும் நீளுமாறு செய்த முறையை நிலைபெறுத்தியவன் முதல் இராஜராஜன். குலோத்துங்கனுடைய மெய்க்கீர்த்தி, அவன் இளவரசனாயிருந்த நாளில் வடபுலத்தில் வயிராகரத்தில் யானைகளைப் பிடித்ததையும் சக்கரக்கோட்டத்து வெற்றியையும் முதலிற் சொல்கிறது. அதன்பின் கூறுவதைக் கவனியுங்கள். தென்திசைத் திருமகள் பலருக்கும் பொதுவாய் நின்ற குறை நீங்கவும், காவிரியை ஆடையாக உடுத்த நிலமகள் துணையின்றி நின்ற தனிமை தீரவும் அவன் வந்தானாம். வந்து மகுடத்தை 'உரிமையில்' சூடினானாம். மாமன் மகன் இறந்தான், இடம் வெறிதாயிற்று, யாம் ஏறினோம் என்று அது கூறவில்லை. கைம்பெண் போல் நின்ற பூமிக்கு நாயகன் ஆனேன் என்று கூறுகிறது. கைப்பற்றியது கைப்பிடித்ததாக மாறிவிட்டது. அரியணையில் உடன் வீற்றிருந்த தேவியின் பெயராகவும் 'புவனமுழுதுடையாள்' என்பதே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது.

அந்த 'உரிமை' என்னும் சொல்லே எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. ஐயமின்றித் தனக்குரிய வீட்டில் நுழைகின்றவன், 'உரிமையோடு நுழைகிறேன்' என்று வாயிலில் நின்று சொல்வதில்லை. குலத்தால் வரும் உரிமையிற் குறை காணப்படும் இடத்தில், உலகால் வரும் உரிமையைக் கொண்டு அதனை நிரப்பினான் அவ்வரசன். சக்கரவர்த்தி என்பவன் ஒரு குடும்பத்தின் சொத்துக்கு வாரிசல்லன். உலகம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்த் தாங்க வல்லவன். அப்படிப்பட்டவனைப் பூமி தானே வரிக்கும் என்பது பழைய கருத்து. அக்கருத்தினுள் நுழைந்துவிட்டால், 'உன் தந்தை யார்?' என்ற கேள்விக்கு வலிமை குறைந்துவிடுகிறது. முதல் நான்கு ஆண்டுகள் இராஜேந்திர சோழன் என்னும் பெயரால் ஆண்ட அவன், பின்னர்க் குலோத்துங்கன் என்ற பெயரை மேற்கொண்டதும் பொருளற்றதன்று. குலத்தை உயர்த்தியவன் என்பது அதன் பொருள். எந்தக் குலத்தை என்று அப்பெயர் சொல்லவில்லை!

இம்மெய்க்கீர்த்தி அரண்மனைக்குள் முடங்கிக் கிடந்த ஏடன்று. எங்கோ ஒரு சிற்றூரில் ஒருவர் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகளை விடுகிறார். சாவா மூவாப் பேராடு என்று அவற்றைக் கூறுவர். சாவன சாவ, ஈனுவன ஈன, எண்ணிக்கை குறையாது நிற்பவை. அந்தத் தருமத்தைக் கல்லில் வெட்டும்போது, முதலில் அரசன் மெய்க்கீர்த்தியும் ஆட்சியாண்டும், பின்னரே ஊரும் பேரும் ஆடும் விளக்கும் வரும். நில விற்பனையும், ஊர்ச்சபையின் தீர்மானமும் அவ்வாறே. ஆடு விட்டவருக்கு அரசன் சந்திர குலமா சூரிய குலமா என்பதிற் கவலை இருந்திராது. எனினும் தம் தருமம் நிலைக்கவேண்டுமாயின், 'உரிமையிற் சூடினான்' என்னும் வாசகத்தைத் தம் ஊர்க் கோயிற் சுவரில் தாமே பொறிக்கச் செய்ய வேண்டியவரானார். ஊர் ஊராக, விளக்கு விளக்காக, அவ்வரசனுடைய வழக்கு சாட்சி பெற்றுக்கொண்டே சென்றது. இதனினும் திறமான முறையை யாம் வேறெங்கும் கண்டிலோம்.

இனிப் புலவர் செய்த பணியைப் பார்ப்போம். சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியை நம்மிற் பலர் அறிவர். அதில் இராச பாரம்பரியம், அவதாரம் என இரண்டு பகுதிகள் உண்டு. சோழர் வமிசாவளி, கரிகாலன் இமயத்திற் புலி பொறித்த காலத்திலேயே நாரத முனிவர் கூற அம்மலையில் எழுதப்பட்டதென்றும், திருமாலே பின்னாளில் அபயனாகப் பிறப்பான் என்பதும் அவ்வெழுத்தில் உண்டென்றும் அந்நூல் கூறும். அபயன் என்பது குலோத்துங்கனே. அப்படியாயின் அவன் 1070-இல் எவரிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயிரமாண்டுக்கு முன்னரே இமயத்தில் எழுதிவைத்த இடத்தில் வந்து அமர்ந்தான், அவ்வளவே. திங்கள் குலத்தந்தைக்கும் பரிதி குலத்தாய்க்கும் பிறந்த குழந்தையைக் கங்கைகொண்ட சோழன் தேவி கையில் ஏந்தி, இவன் நமக்கு மகனாகிப் பரிதி குலத்தைத் தாங்கத் தக்கவன் என்று மகிழ்ந்ததாகவும் புலவர் பாடுகிறார். குறையெனப்பட்டதைப் புலவர் மறைக்கவில்லை. சூரியனும் சந்திரனும் ஒருவனிடத்திலேயே கூடினர் என்று அதனையே பெருமையாக்கிவிட்டார்.

மறைத்தது வேறொன்றை. அதிராஜேந்திரன் பெயரே பரணியில் இல்லை. வீரராஜேந்திரனுக்குப் பின் நாடு நிலைகுலைந்தது, வேள்விகள் நின்றன, மனுநெறி தடுமாறியது, கோயில்கள் பொலிவிழந்தன. அவ்விருளை நீக்கும் ஞாயிறென அபயன் வடதிசையினின்றும் வந்தான். இஃதே புலவர் காட்டும் வரலாறு. இடையில் ஓர் இளைஞன் முடிசூடி இறந்தான் என்பதற்கு அதில் இடமேயில்லை. ஆனால் அரசாங்க வழக்கு அந்த இளைஞனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை ஒருவர் விட்டு ஒருவர் மாறிமாறித் தரிப்பது முறை. வீரராஜேந்திரன் இராசகேசரி. அவனையடுத்தே குலோத்துங்கன் வந்தானாயின் பரகேசரியாக இருந்திருத்தல் வேண்டும். அவனோ இராசகேசரி. இடையிலிருந்த பரகேசரி அதிராஜேந்திரனே. புலவர் கணக்கில் விட்டுப்போனவன் பட்டக் கணக்கில் நிற்கிறான்.

இதனைப் படிக்கும்போது சீமைச் சரித்திரமொன்று எம் நினைவுக்கு வந்தது. குலோத்துங்கன் முடிசூடுவதற்கு நான்கு ஆண்டு முன்னர், 1066-இல், நார்மண்டி நாட்டு வில்லியம் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்றான். அவனும் வாளாற் கொண்டேன் என்னவில்லை. முன்னிருந்த எட்வர்ட் மன்னன் தனக்கு வாக்களித்த உரிமை என்றே சாதித்தான். 1086-இல் அவன் கட்டளையால் எடுத்த டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கில், எட்வர்ட் மன்னன் காலத்தில் யாருடைய நிலம், இப்பொழுது யாருடையது என்றே கேட்டு எழுதியிருக்கிறார்கள். இடையில் ஒன்பது மாதங்களுக்குக் குறையாமல் முடிசூடி ஆண்டு போரில் இறந்த ஹெரால்டு பெரும்பாலும் வெறும் பிரபுவாகவே அதிற் குறிக்கப்படுகிறான். அதே 1086-இலேயே குலோத்துங்கனும் தன் நாட்டை அளப்பித்தான் என்பது வியப்பு. ஒருவரையொருவர் கேட்டும் அறியாத இருவர் ஒரே வழியை மேற்கொண்டனர்.

இனி எம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்த செய்திக்கு வருவோம். தமிழ் நாட்டிற் பரிதி குலத் திலகமாக விளங்கிய இதே குலோத்துங்கன், வேங்கி நாட்டுப் பட்டயங்களிற் சந்திர குலத்தவன். அவன் மக்கள் அங்கே அரசப் பிரதிநிதிகளாயிருந்து வெளியிட்ட தேகிப் பட்டயமும் செல்லூர்ப் பட்டயமும் வமிசத்தைச் சந்திரனிலிருந்தே தொடங்குகின்றன. அதன்படி, அவன் முன்னோர் ஐம்பத்தொன்பது சக்கரவர்த்திகள் அயோத்தியில் அரசாண்டனர். பின் விஜயாதித்தன் என்பான் தென்னாட்டை வெல்ல வந்து திரிலோசன பல்லவனோடு பொருது மாண்டான். கருவுற்றிருந்த அவன் தேவி முடிவேமு என்னும் அக்கிரகாரத்தில் ஓர் அந்தணரிடம் அடைக்கலம் புகுந்து ஈன்ற மகனே சளுக்கிய மலையில் தேவியை வழிபட்டு, வெண்குடையும் பன்றிக் கொடியும் பொற்செங்கோலும் பெற்று அரசை மீட்டான். கேட்பதற்கு இனிய கதை. ஆனால் ஐம்பத்தொன்பது சக்கரவர்த்திகளின் பெயர்களைக் கேட்டால் பட்டயம் வாய் திறப்பதில்லை. எண்ணிக்கை மட்டும் உண்டு.

இக்கதை சளுக்கியரின் பழம் பட்டயங்களில் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் அவர்கள் தம்மை மானவிய கோத்திரத்தார், ஹாரீதியின் புத்திரர், சப்த மாதரால் வளர்க்கப்பட்டோர் என்று கூறி நிறுத்திக்கொண்டனர். அயோத்தியும் சந்திரனும் விரிவாக வருவது பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விமலாதித்தன் காலத்துப் பட்டயத்தில். விமலாதித்தன் யார்? இராஜராஜன் மகள் குந்தவையை மணந்தவன்! பெண் கொடுத்த வீட்டார் மனு, இக்ஷ்வாகு, சிபி என்று தொடங்கும் நீண்ட பட்டியலோடு வந்திருக்க, மாப்பிள்ளை வீட்டார் தாமும் குறைந்தவரல்லர் என்று காட்டவேண்டியதாயிற்றுப் போலும். சம்பந்தம் பேசுகையில் இரு வீட்டாரும் பாட்டன் பெருமை பேசுவதை நாம் பார்த்ததில்லையா? விமலாதித்தனுக்கும் குந்தவைக்கும் பிறந்த இராஜராஜ நரேந்திரன், பாண்டவர் தன் குல முன்னோர் என்று அவர் சரிதையைத் தெலுங்கிற் கேட்க விரும்பியதனாலேயே நன்னயர் ஆந்திர மகாபாரதத்தைத் தொடங்கினார். வமிசாவளி ஆசையால் விளைந்த நன்மைகளுள் இஃது ஒன்று என்பதை யாம் மறுக்கமாட்டோம்.

சோழர் பட்டயங்களும் இவ்வாறு வளர்ந்தவையே. சிபியின் வழியினர் என்ற எண்ணம் சங்க காலத்திலேயே உண்டு. அதனைப் பிற்காலக் கற்பனை என்று தள்ளலாகாது. ஆயினும் சுந்தர சோழன் காலத்து அன்பிற் பட்டயத்தைவிட, இராஜேந்திரனுடைய திருவாலங்காட்டுப் பட்டயத்தில் முன்னோர் வரிசை மிக நீண்டுவிட்டது. கோச்செங்கணானுக்கு அடுத்து, அவன் மரபில் விஜயாலயன் தோன்றினான் என்று அது ஒரே தாவாகத் தாவுகிறது. இடையிற் கிடந்த சில நூற்றாண்டுகளில், உறையூரை அடுத்துச் சோழர் சிற்றரசராய்ப் பல்லவர்க்குக் கீழ்ப்பட்டிருந்த காலம் அத்தாவலில் மறைந்துபோகிறது. நல்ல நாட்களை மட்டும் எழுதுவதுதான் வமிசாவளி.

குலோத்துங்கனைக் குறைகூறிய பில்ஹணரின் தலைவனும் இதே நிலையில் இருந்தவனே. அவன் மேலைச் சளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன். தன் தமையன் இரண்டாம் சோமேசுவரனை அகற்றி 1076-இல் அரசேறினான். தந்தையே தனக்கு இளவரசுப் பட்டம் அளிக்க முன்வந்தும், தமையன் உரிமை என்று தான் மறுத்ததாகவும், பின்னர்ச் சிவபெருமான் கனவில் வந்து பணித்ததனாலேயே போர் செய்ததாகவும் புலவர் எழுதியிருக்கிறார். அவ்வரசன் அதனோடு அமையவில்லை. சக ஆண்டை விலக்கிச் சளுக்கிய விக்கிரம ஆண்டு என்று தன் பெயராலேயே ஒரு சகாப்தத்தைத் தொடங்கிவிட்டான். முன்னோர் வழி வந்த உரிமையில் ஐயம் எழுமாயின், காலத்தையே தன்னிலிருந்து எண்ணச் செய்வதைவிட நல்ல விடை ஏது? காசுமீரத்திலிருந்து வந்த பில்ஹணருடைய அந்நூலின் சுவடியைப் பூலர் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் ஜெய்சல்மேரில் ஒரு சமணப் பண்டாரத்திற் கண்டெடுத்து 1875-இற் பதிப்பித்தார். அது கிடைத்திராவிடின், பரணி ஒன்றையே வைத்துக்கொண்டு, அதிராஜேந்திரன் முடிவைப்பற்றி ஒன்றும் அறியாதிருந்திருப்போம்.

பெயருக்கும் நிலத்துக்கும் உள்ள பொருத்தத்தையும் சிறிது நோக்குக. முந்திய சோழரைக் கல்வெட்டுக்கள் பெரும்பாலும் 'உடையார்' என்றே கூறும். 'திரிபுவனச் சக்கரவர்த்திகள்', அதாவது மூவுலகுக்கும் சக்கரவர்த்தி, என்ற பட்டம் நிலையாக வழங்கத் தொடங்குவது குலோத்துங்கன் காலத்திலேதான். அவன் அரசேறிய 1070-இலேயே விஜயபாகு சோழர் படையைப் பொலன்னறுவையினின்றும் வெளியேற்றினான். ஈழம் கைவிட்டுப் போயிற்று. 1116-ஐ ஒட்டித் தலைக்காட்டைப் போசள விஷ்ணுவர்த்தனன் கொண்டான். 1118 அளவில் அவன் தந்தை ஆண்ட வேங்கியே விக்கிரமாதித்தன் கைப்பட்டது. ஈழத்தை இழந்ததைப்பற்றி அவன் மெய்க்கீர்த்தியில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு தீவும் இரண்டு நாடுகளும் குறைந்த ஆட்சியில் உலகங்கள் மூன்றாயின.

இவ்வளவும் கூறியதால் அவ்வேந்தனை யாம் இகழ்ந்ததாகக் கொள்ளற்க. ஏறக்குறைய அரை நூற்றாண்டு தமிழ்நாட்டைப் பெரும் போர்க்கொடுமை இன்றிக் காத்தவன் அவன். சுங்கத்தை நீக்கினான், அதனால் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். சரக்குப் பொதியோடு வழி நடந்த வணிகனுக்கு இமயத்து எழுத்தைவிட இதுவே பெரிய சான்றாயிருந்திருக்கும். மூவுலகுச் சக்கரவர்த்தி என்ற பட்டம் அவனுக்குப் பின் வந்த அரசருக்கெல்லாம் பொதுவாயிற்று. சுங்கந் தவிர்த்தான் என்பது மட்டும் அவனுக்கே உரியதாய் நின்றுவிட்டது.

இனி நிர்வாக சபையார் பணித்த காரியம். சோழருள் ஒருவரைக் காட்டுதல் எமக்கு அரிதன்று. ஐம்பத்தொன்பது பேரை ஒரே வரியிற் கூறிய பட்டயத்தைப் படித்த பின், அது மிகவும் எளிதென்றே தெரிகிறது. அதனாலேயே அதனை எழுத எம் கை கூசுகிறது, பொறுத்தருள வேண்டும். அதற்கு மாறாக இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம்.

குலோத்துங்கனுக்கு உண்மையில் இருந்த உரிமை முழுவதும் பெண்களின் வழியே வந்தது. குந்தவையும் அம்மங்கையும் பட்டயங்களிற் பெயர் பெற்றிராவிடின், அவன் யார் என்றே நமக்குத் தெரிந்திராது. நம் பதிவேட்டுக்கென அச்சிட்டு அனுப்பிய படிவத்திலோ தந்தை, பாட்டன், கொள்ளுப்பாட்டன் என மூன்று கட்டங்களே உள்ளன. தாய், பாட்டி, மணம் செய்து கொடுத்த பெண்மக்கள், அவர் மக்கள் ஆகியோர் பெயர் எழுதவும் இடம் விட்டுப் படிவத்தை மீண்டும் அச்சிட வேண்டுகிறோம். செலவு சிறிது கூடும். அதனைப் பகிர்ந்துகொள்ள யாமும் சித்தமாயிருக்கிறோம்.

மற்றொன்று. சோழரைக் கேட்ட அன்பரின் இல்லத்துக்குச் சென்ற வாரம் போயிருந்தோம். பரண்மேற் கிடந்த பெட்டியில், அவருடைய பாட்டனாரின் தாயார் கிணறு வெட்டுவதற்காக நிலத்தை ஒற்றிவைத்து எழுதிக்கொடுத்த ஓலை ஒன்று அகப்பட்டது. ஆண்டும், ஊரும், கிணற்றின் திசையும், சாட்சிகளின் பெயரும் அதிலே தெளிவாக உள்ளன. எழுதிக்கொடுத்த அம்மையார் கைந்நாட்டு வைத்திருக்கிறார். அன்பர் அவர் பெயரை அன்றுதான் முதன்முதல் அறிந்தார். இங்கு வந்துள்ளோர் தம் வீடுகளிலுள்ள கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய ஓலை, கோயிற் கட்டளைச் சாசனம் ஆகிய எவையேனும் இருப்பின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவார்களாயின், படித்துப் பெயர்த்தெழுதித் திருப்பித் தருவோம். பூச்சி அரித்தனவாயினும் கொண்டுவரலாம். ஓலைகளுக்கு எண்ணெய் மட்டும் பூசாமற் கொணர்க, அந்த வேலையை யாம் பார்த்துக்கொள்ளுவோம்.